ஜப்பான் காலத்தில் செந்தூலில் வளர்ந்த இரண்டு சகோதரிகள்: எப்படி இருந்திருக்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1941ல் கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க் குடும்பம். மூத்த பெண்ணுக்கு 16 வயது, இளையவளுக்கு 13. ஜப்பான்காரன் காலத்தை இந்த இருவரும் எப்படிக் கழித்திருப்பார்கள், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்களா, ஜான்சி ராணிப் படையில் (சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவு) சேர்ந்திருக்க வாய்ப்புண்டா, போர் முடிந்த பிறகு அக்காவும் தங்கையும் ஏன் கடைசிவரை ஒட்டாமலே போனார்கள். கேட்டவர் இளையவரின் பேத்தி. குடும்பக் கதையாக எழுதப் போகிறாராம். கேட்டுத் தெரிந்துகொள்ள இருவரும் இப்போது இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டிமார் பலரோடு கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை அவர்கள் வயதில்தான் இருக்கிறது. 16க்கும் 13க்கும் இடையில் மூன்றே வயதுதான், ஆனால் 1942ல் அந்த மூன்று வயது ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது. மூத்தவள் ஒளித்து வைக்க வேண்டியவள், சின்னவள் கியூவில் நிற்க அனுப்பக்கூடியவள். இதை விட்டுவிட்டு "சகோதரிகள் இருவரும் துன்பப்பட்டார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் கதை போய்விடும்.

தேதிகளை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8ல் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரை இறங்கினார்கள். 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துத் தெருவில் நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் நூற்றுக்கணக்கில் செத்தது. வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் ஆங்கிலேயக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியது யார் தெரியுமா? யாழ்ப்பாணத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து. கோலாலம்பூர் 1942 ஜனவரி 11ல் விழுந்தது. வெள்ளைக்காரன் கிளம்பி ஜப்பான்காரன் வந்து சேருவதற்குள் கடைகளையும் கிடங்குகளையும் சனங்கள் வாரிக்கொண்டார்கள். உங்கள் கதையில் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியோ ஒரு பெட்டி டின்பாலோ அந்தக் களேபரத்தில் வந்து சேர்ந்ததாக எழுதினால் அது ஒன்றும் மிகையாகாது.

இப்போது பெரியவளைப் பார்ப்போம். ஜப்பான் சிப்பாய்கள் பெண்களைத் தேடி வீடு புகுகிறார்கள் என்ற சேதி அவர்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்டது, அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. வயசுப்பெண் இருந்த வீடுகளில் முகத்தில் கரி பூசுவது, முடியை ஒட்ட வெட்டி அண்ணன் கால்சட்டையை மாட்டிவிடுவது, பரணில் ஏற்றி ஏணியை எடுத்துவிடுவது எல்லாம் நடந்தது. சிலர் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போய்விட்டார்கள். இதில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானியரின் கொடூரம் முதலில், முழு வேகத்தில் விழுந்தது சீனர்கள் மீதுதான். இந்தியர்களை அவர்கள் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். "காந்தி, காந்தி" என்று சொன்னால் சிப்பாய் சிரித்துவிட்டுப் போவான் என்று பாட்டிமார் பலர் சொல்வார்கள். நெற்றியில் பொட்டு இருந்தால் கொஞ்சம் தைரியம். ஆனாலும் தமிழ்ப் பெண்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நேர்ந்ததை அந்தக் குடும்பங்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒளித்து வைப்பது எத்தனை நாள் நடக்கும்? அதனால் அடுத்தது கல்யாணம். கல்யாணமான பெண்ணைத் தொடமாட்டான், பிடித்துக்கொண்டு போகமாட்டான் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தாலிக்குப் பொன் இருந்ததோ இல்லையோ, மஞ்சள் கயிறு இருந்தது. படித்துக்கொண்டிருந்த பெண்கள் பலர் 1942லும் 43லும் அவசர அவசரமாக, சாதகம் கூடப் பார்க்காமல், கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கப்பட்டார்கள். உங்கள் பெரிய பாட்டிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் கல்யாண வருடம் 1942 அல்லது 43 என்று இருந்தால், அது காதலோ குடும்ப விருப்பமோ என்று தேடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளுக்கு வாசல் திறந்தே இருந்தது. 13 வயது, ஒல்லி, பாவாடை சட்டை. ரேசன் கியூவுக்கு அவள்தான் போவாள். இங்கே கடிகாரத்தைக் கவனியுங்கள். ஜப்பானியர் மலாயாவின் நேரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கடிகாரம் காலை ஏழு என்று காட்டும்போது வெளியே கும்மிருட்டு, விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இருட்டில் பையும் கார்டுமாக ஒரு பெண்பிள்ளை நடந்து போக வேண்டும். வழியில் காவலுக்கு நிற்கும் சிப்பாய் முன் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனிந்தது போதாது என்று அவனுக்குத் தோன்றினால் கன்னத்தில் ஓர் அறை, இல்லையென்றால் வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம் கிடைக்கிற அரிசி? புழுத்தது, சுண்ணாம்பு வாடை அடிப்பது, அதுவும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வரவழைத்துத்தான் சாப்பிட்டது. கப்பல் நின்றதும் சோறும் நின்றது.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுவீர்கள். ஆனால் "கிழங்கைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்கள்" என்பதோடு நிறுத்த வேண்டாம். அதை யார் துருவியது? வீட்டுக்குள் அடைபட்டிருந்த மூத்தவள். தோலுரித்து, துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த தண்ணீரைத் தெளிய வைத்து அடியில் நிற்கும் மாவைத் தனியாக எடுத்து, சக்கையைத் தேங்காய்ப்பூ போட்டு அவித்தால் புட்டு மாதிரி ஒன்று. கசப்புக் கிழங்காக இருந்து சரியாக ஊறவைக்காவிட்டால் வாந்தி, மயக்கம், சின்னப் பிள்ளைகள் செத்தும் போனார்கள். செம்பனை எண்ணெய் அன்று சுத்திகரிக்காமல் சிவப்பாகவே வரும். அதில்தான் தாளிப்பு, அதில்தான் விளக்கு. அந்த எண்ணெய் வாடை தலைமுடியிலேயே தங்கிவிடும் என்று பினாங்கில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார், எத்தனையோ வருடம் கழித்தும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னார்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். ஆண் எழுத்தாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், டீன்ஏஜ் பெண்களுக்கோ சோற்றுக்கு அடுத்த பெரிய பிரச்சினை இதுதான். புதுத் துணி வரவே இல்லை. அம்மாவின் சேலை இரண்டாகக் கிழிந்து இரண்டு தாவணி ஆகும், தாவணி கிழிந்தால் ரவிக்கை, அது கிழிந்தால் மாதவிலக்குத் துணி. சோப்பு கிடையாது, சாம்பலில் துவைத்துக் கொதிக்கவைப்பார்கள். வெளியே போட்டுக்கொள்ளும்படியான பாவாடை வீட்டில் ஒன்றுதான் என்றால், ஒருத்தி வெளியே போனால் மற்றவள் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் பாவாடை யாரிடம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. சின்னவள் வயதுக்கு வந்தது பெரும்பாலும் அந்த மூன்றரை வருடத்துக்குள்தான். சாப்பாடு போதாமல் பல பெண்களுக்கு அது தள்ளிப்போனது. வந்த பிறகும், ஊரைக் கூட்டித் தண்ணீர் ஊற்றி, "எங்கள் வீட்டில் பெண் தயார்" என்று அறிவிக்கிற சடங்கை எந்த அப்பன் செய்வான்? அம்மாவும் அத்தையும் சேர்ந்து பின்கட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி முடித்துக்கொண்டதாக ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூத்தவளுக்குப் போருக்கு முன்பே முறைப்படி எல்லாம் நடந்திருக்கும், மாமன் சீர், புட்டு, போட்டோ உட்பட. சின்னவளுக்கு அது கிடையாது. அவள் பக்கத்துக் குறையும் ஒன்று இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் 1942லேயே திரும்பத் திறந்தது, ஜப்பானியப் பாடத்தோடு. காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து பேரரசருக்கு வணக்கம், கிமிகாயோ என்ற ஜப்பானிய தேசிய கீதம், உடற்பயிற்சி, பிறகு கத்தாகானா என்ற ஜப்பானிய எழுத்து. விளையாட்டுத் திடலைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். சின்னவள் போயிருக்கலாம். பாட்டி வயதான காலத்தில் திடீரென்று இச்சி, நி, சான் என்று எண்ணிக் காட்டியதாக உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், போயிருக்கிறார் என்று அர்த்தம். மூத்தவள் போயிருக்க மாட்டாள். சில பள்ளிகளுக்கு வேறு உபயோகமும் இருந்தது. பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்டில் 1943ல் பிடிபட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரனேடியரின் மாலுமிகளை அடைத்து வைத்து அடித்தார்கள். அவர்கள் வகுப்பறைச் சுவரில் கீறிவைத்த பெயர்கள் போருக்குப் பிறகும் அப்படியே இருந்தன.

சயாம் ரயில், அதாவது சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் போடவைத்த ரயில் பாதை, இல்லாமல் மலாயாத் தமிழர்களின் போர்க்கதை கிடையாது. 415 கிலோமீட்டர் பாதை, 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, காலில் அழுகும் புண், பட்டினி. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா செந்தூல் பட்டறைக்குத் தேவை என்பதால் கொஞ்சம் பாதுகாப்பாக இருந்திருப்பார், ரயில் ஆட்களையும் அங்கே அனுப்பினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அவசரத்தில் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை? தோட்டத்து ஆள் என்றாலோ வேலையில்லாத இளைஞன் என்றாலோ அவன்தான் முதலில் மாட்டுவான். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனதும் உண்டு, நடுராத்திரியில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை) சுற்றி வளைத்து லாரியில் ஏற்றியதும் உண்டு.

போனவனிடமிருந்து கடிதம் வராது. செத்தானா இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை, பிணமில்லை, காரியம் செய்யத் தேதியில்லை. 18 வயதுப் பெண் தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா? மாமியார் வை என்பாள், ஊர்க்கிழவி ஒருத்தி வேண்டாம் என்பாள். 1945 கடைசியிலும் 46லும் சயாமிலிருந்து கொத்துக் கொத்தாக ஆட்கள் திரும்பினார்கள். ஒவ்வொரு கூட்டம் வந்தபோதும் ஸ்டேஷனில் போய் நின்று, எலும்பும் தோலுமாக இறங்குகிற முகங்களில் தன் புருஷனைத் தேடிய பெண்கள் இருந்தார்கள். சிலர் அந்த முகத்தை அடையாளம் காணாமல் தாண்டியே போய்விட்டார்கள். சிலர் பத்து வருடம் காத்திருந்து பிறகு தாலியைக் கழற்றினார்கள். உங்கள் பெரிய பாட்டியின் முதல் கணவர் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, நான் முதலில் தேடிப் பார்க்கிற இடம் இதுதான்.

இப்போது ஜான்சி ராணிப் படை. போயிருக்க வாய்ப்புண்டா? தாராளமாக உண்டு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அறிவித்தார், அக்டோபர் 22ல் பயிற்சி முகாம் திறந்தது, தலைமை கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரில் போஸ் பேசியதைக் கேட்டு நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடம்பிடித்துச் சேர்ந்தவர் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், இந்தியர்களின் அரசியல் கட்சியான ம.இ.கா.வைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2014ல் மறைந்தார். அவர் சகோதரி பாப்பாத்தியும் படையில் இருந்தார். 1927ல் பிறந்த ராசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் ஒன்றாகச் சேர்ந்து பர்மாவரை போனார்கள். அந்த ராசம்மாதான் ராசம்மா பூபாலன், 1960ல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியத்துக்குப் போராடியவர். ஆக அக்கா தங்கையாகச் சேர்ந்தது அப்போது அபூர்வம் ஒன்றுமில்லை.

ஆனால் படித்த வீட்டுப் பெயர்கள்தான் நமக்குத் தெரிகின்றன. படையில் இருந்தவர்களில் மிகப் பலர் பால்மரம் வெட்டிய பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, மேடையில் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தேசபக்தி இருந்தது, போஸ் பேச்சின் வேகம் அப்படி. அதோடு முகாமில் வேளைக்குச் சாப்பாடு இருந்தது, காக்கித் துணி இருந்தது, பரணை விட்டு இறங்கி வெளிச்சத்தில் நடக்க முடிந்தது, அவசரக் கல்யாணத்திலிருந்து தப்ப வழி இருந்தது. இதைச் சொன்னால் தியாகம் குறைந்துவிடாது. முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கிய பெண்களுக்கு அதே முடி வெட்டும் அதே கால்சட்டையும் ஒரு வருடத்துக்கு முன் ஒளிந்துகொள்ளத் தேவைப்பட்டது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பாடு. தோட்டத்து லயத்தில் அதுவே ஒரு புரட்சி.

அவர்கள் பர்மாவுக்குப் போனது எந்தப் பாதையில்? அதே சயாம் ரயிலில்தான், சரக்கு வண்டியில். அப்பாவும் அண்ணனும் போட்ட தண்டவாளத்தின் மேல், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல். பர்மாவின் மேமியோ என்ற ஊரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது இரவில் நடை, பகலில் காட்டில் ஒளிவு. முன்னதாக அனுப்பப்பட்ட ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு படைப்பெண்கள் இறந்தார்கள். உங்கள் பாட்டிக்கு 1943ல் 15 வயது, கொஞ்சம் சின்னவள். போஸ் இயக்கத்தின் சிறுவர் அணியான பாலர் சேனையில் கொடி பிடித்து ஊர்வலம் போயிருக்கலாம் என்பது என் ஊகம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முகாமில் சேர்ந்திருக்க முடியாது.

செந்தூலில் இருந்தவர்கள் என்பதால் 1945ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வங்காளத்துத் தளங்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பட்டறைகளைக் குறிவைத்துக் குண்டு போட்டன. மார்ச் 10ல் குறி தவறி சிலாங்கூர் அருங்காட்சியகமே போயிற்று. பட்டறையை ஒட்டிய குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு அது என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஜப்பான்காரனுக்குப் பயந்து, கடைசியில் காப்பாற்ற வருகிறவன் குண்டுக்குப் பயந்து பள்ளத்தில் படுத்துக் கிடந்தார்கள்.

அந்த நேரம் சின்னவளுக்கு 16 நடந்து முடிந்து 17 ஆகப்போகிறது. அதாவது அக்காவை எந்த வயதில் ஒளித்துவைத்தார்களோ அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆனால் அவளை யாரும் ஒளிக்கவில்லை. பசி வந்ததும் பயம் போய்விட்டது. கியூவில் நிற்க, கிழங்கு விற்க, வாழைமர நோட்டை (வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலப் பணத்தை) கட்டுக்கட்டாகச் சுமந்துபோய் ஒரு தேங்காய் வாங்கிவர வீட்டுக்கு அவள் வேண்டும். நாத்தனார்களோடு மல்லாடிக்கொண்டிருந்த அக்கா இதைப் பார்த்திருப்பாள். தங்கையும் அக்காவைப் பார்த்து, "நீ வீட்டு நிழலில் இருந்தாய், அறை வாங்கினது நான்" என்று நினைத்திருப்பாள். இரண்டு பக்கமும் நியாயம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள், வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதம். பள்ளிகள் திறந்தபோது வயது கடந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வகுப்பு தாண்ட வைத்து மேலே ஏற்றினார்கள். 17 வயதில் சின்னவள் மறுபடி படிக்கப் போயிருந்தால் இப்படித்தான் போயிருப்பாள், பிறகு ஆசிரியரோ நர்ஸோ ஆகியிருக்கலாம். கல்யாணமான பெண்ணுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. மனக்கசப்பு எங்கே தொடங்கியது என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், போரின்போது தொடங்கியது, பள்ளிக்கூடம் திறந்த அன்று கெட்டியானது.

இதில் உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்க மூன்று காகிதங்களைத் தேடுங்கள்: பெரிய பாட்டியின் கல்யாணப் பதிவு (ஜப்பான் காலத்தில் பதியாமல் பிறகு பதிந்திருக்கலாம், தேதியை நம்பி ஏமாறாதீர்கள்), பாட்டியின் போருக்குப் பிந்தைய பள்ளிச் சான்றிதழில் இருக்கும் வயது (படிப்பதற்காகக் குறைத்துப் போட்டிருப்பார்கள்), அந்த இருவரின் அப்பாவுடைய ரயில்வே பென்ஷன் கோப்பு. அந்தக் கால ஜப்பானிய ஆவணம் ஏதாவது கையில் கிடைத்து அதில் 2602, 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், 660ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய குடும்பப் படத்தில் சீன முகத்தோடு ஒரு குட்டித் தங்கை நின்றால் அதையும் விசாரியுங்கள். அந்த வருடங்களில் வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ் வீடுகளில் கொடுத்தது நிறைய நடந்திருக்கிறது.